கம்யூன் வரலாறு தேடுகிறீர்களா? வழக்குகளில் தொடங்குங்கள்

ஒரு வட்டாரத்தில் இருந்த கூட்டுவாழ்வுக் குழுக்களை (கம்யூன்களை)ப் பற்றித் தேடும்போது, குழுவின் பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். நிலம் யார் பெயரில் இருந்தது என்று பார்த்து, அந்த ஆளின் பெயரைச் சொத்து வழக்குகளில் தேடுங்கள்.

எல்லாம் பொதுச்சொத்து என்றாலும் பத்திரம் பல நேரம் ஒரு தலைவர் பெயரில்தான் இருக்கும். விலகியவரோ, இறந்தவரின் வாரிசோ பங்கு கேட்டால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகும். அப்புறம் உறுப்பினர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நிலத்தின் அளவு, உள்ளே நடந்த சண்டை எல்லாமே பதிவாகிவிடும். அமெரிக்காவின் ஒஹையோவில் இருந்த ஸோர் என்ற கூட்டுவாழ்வுக் குழுவின் நிலம் அதன் தலைவர் ஜோசப் பிமெலர் பெயரில் இருந்தது. பங்கு கேட்டு, இறந்துபோன ஓர் உறுப்பினரின் வாரிசுகள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1852-இல் தோற்றது. குழுவே வெளியிட்ட புகழ்மாலைகளைவிட அந்தத் தீர்ப்பில் விஷயம் அதிகம்.

வாடகை நிலத்தில் இருந்த குழுக்களுக்கும், ஓரிரு வருடத்தில் கலைந்தவற்றுக்கும் இது அவ்வளவாக உதவாது. வழக்குப் போட்டவர் கோபத்தில் சொன்னதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.