புண் ஆறவிடாமல் நாமே செய்யும் வேலைகள்

காய்கறி நறுக்கும்போது விரலில் வெட்டுப்பட்டால் பல வீடுகளில் கை முதலில் போவது காபித்தூள் டப்பாவுக்குத்தான். தேவையே இல்லை. ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் எப்போதும் கரைந்தே இருக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் அது ஃபைப்ரின் இழைகளாக மாறி, ரத்த அணுக்களைச் சேர்த்துப் பின்னி அடைத்துவிடும். சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் போதும். நடுநடுவே தூக்கி "நின்னுடுச்சா?" என்று பார்த்தால் இழை பிய்ந்து மறுபடி ஒழுகும். தூள் போட்டால் டாக்டருக்குக் கழுவும் வேலைதான் மிச்சம்.

அதே சமயம் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) என்ற நுண்ணிய அணுக்கள் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களை வெளிவிடுகின்றன. புதுத் திசு கட்டும் செல்களை அழைத்து வருபவை இவைதான். ஹைட்ரஜன் பெராக்சைடை தினமும் ஊற்றி நுரை பொங்குவதை ரசித்தால் அந்தச் செல்களும் சேர்ந்து சாகும். சிறு காயத்துக்குக் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போதும்.

'காத்தாட விடு' என்பதும் சரியில்லை. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் சோதித்தபோது, திறந்து காயவிட்ட புண்ணைவிட மூடி ஈரம் காத்த புண்ணில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடியது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது பத்தியம். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு "முட்டை, மீன், பருப்பு ஆகாது, சீழ் வைக்கும்" என்று ரசம் சோறு மட்டும் போடுகிறோம். சீழ் வருவது கிருமியால், முட்டையால் அல்ல. புண்ணை இணைக்கும் கொலாஜனும் ஒரு புரதம்தான். சாப்பாட்டில் புரதம் குறைந்தால் அதை எதை வைத்துக் கட்டுவது? அதன் இழை முறுக்கேறி நிற்க வைட்டமின் சி வேண்டும். 1740களில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் கடற்பயணத்தில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட ஒருவருக்கு, ஐம்பது வருடத்துக்கு முன் போரில் பட்டு ஆறியிருந்த காயம் மறுபடி திறந்துகொண்டது. தழும்பிலும் கொலாஜனை உடல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நெல்லிக்காயும் கொய்யாவும் தாராளமாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். விலை உயர்ந்த கொலாஜன் பவுடரும் வயிற்றில் செரித்து உடைந்துதான் போகிறது. நேராகப் புண்ணுக்குப் போய்ச் சேராது.

தையல் பிரித்ததும் தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள். கொலாஜன் வலுப்பெற மாதக்கணக்காகும். அதன் பிறகும் பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பும்.

சர்க்கரை நோயாளியின் காலில் புண் என்றால் மேலே சொன்ன வீட்டு வைத்தியம் எதுவும் பொருந்தாது. ஆறாமல் நாள்படும் புண்ணில் சில நொதிகள் வளர்ச்சிக் காரணிகளையே சிதைத்துவிடுகின்றன. வலி இல்லை என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.