ஃபோர்ஹேண்டில் கடினமான ரப்பருக்கு மாறும்போது

டேபிள் டென்னிஸ் மட்டையில் ரப்பருக்கு அடியில் இருக்கும் பஞ்சு அடுக்குதான் ஸ்பாஞ்ச்; அது எவ்வளவு கடினம் என்பதை டிகிரியில் சொல்வார்கள். நான் 42.5 டிகிரி ஸ்பாஞ்சிலிருந்து ஒரே தாவலில் 47.5-க்கு மாறினேன். முதல் வாரம் என் டாப்ஸ்பின்னில் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடி) பாதி வலையில்தான் விழுந்தது. மென்மையான ரப்பரில் லேசாக அடித்தாலே பந்து ஸ்பாஞ்சுக்குள் அமுங்கி மேலே எழும். கடினமானதில் நாம்தான் அமுக்க வேண்டும். அந்த வேகம் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வர வேண்டும். கையை மட்டும் வீசினால் பந்து வழுக்கிக்கொண்டு போய்விடும்.

வாங்கும் முன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஜெர்மன் அளவு வேறு, சீன அளவு வேறு. சீன ரப்பரில் 39 என்று இருந்தாலும் அது பெரும்பாலும் ஜெர்மன் 47.5-ஐவிடக் கடினமாகவே இருக்கும். முதல் மாற்றத்துக்கு இரண்டு மூன்று டிகிரி போதும். பிளேடையும் (மட்டையின் மரப்பகுதி) பேக்ஹேண்ட் ரப்பரையும் அப்படியே விடுங்கள்.

அப்புறம் பயிற்சி. கீழ்ச்சுழலோடு வரும் பந்துகளையே தூக்கிப் பழகுங்கள். மட்டையைத் தொடையருகே இறக்கி, பந்தைத் தொடும் கணத்தில் முன்கையைச் சட்டென்று மடக்குங்கள். சரியாகப் பட்டால் ‘டொக்’ என்று மரச்சத்தம் கேட்கும். வெறும் உரசல் சத்தம் என்றால் பந்து ஸ்பாஞ்சுவரை போகவில்லை. எனக்கு அந்த டொக் தொடர்ந்து கேட்க மூன்று வாரம் ஆனது. தோள் வலித்தால் மட்டும் தயங்காமல் பழைய ரப்பருக்கே திரும்பிவிடுங்கள்.