இரண்டே பேர், ஒரு நங்கூரம்: இரவில் தூங்கும்படி பாய்மரப் படகை நிறுத்துவது எப்படி?

நானும் என் கணவரும் மூன்று வருடமாகப் படகிலேயே குடியிருக்கிறோம். 36 அடிப் பாய்மரப் படகு. மலேசியாவின் லங்காவித் தீவுகளைச் சுற்றி இருப்போம். வாடை வீசும் டிசம்பர் முதல் மார்ச் வரை எல்லை தாண்டி, தாய்லாந்தின் லிப்பே, அடாங் தீவுகள் பக்கம் போவோம். புதிதாகப் படகு வாங்கும் தம்பதிகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது நங்கூரம் போடுவதைத்தான். பாய் விரிப்பதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். நங்கூரம் சரியாகப் பிடிக்காவிட்டால் இருவருக்கும் தூக்கம் கிடையாது. தூக்கம் கெட்டால் சண்டை வரும், மறுநாள் பயணமும் கெடும்.

முதல் படி: இடம் பார்ப்பது

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் மலையோ கரையோ மறைப்பாக இருக்க வேண்டும். வாடைக் காலத்தில் தீவின் தென்மேற்குப் பக்கம் நல்லது. ஏப்ரலுக்கு அப்புறம் கணக்கு மாறிவிடும். அப்போது மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்கிலிருந்து 'சுமத்ரா' என்ற திடீர்ப் புயற்காற்று வரும். பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல், விடிவதற்கு முன்னால்தான் வரும். மாலையில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று மேற்குப் பக்கம் திறந்த இடத்தில் நிற்காதீர்கள்.

கடலடித் தரையையும் பாருங்கள். சேறும் மணலும் நங்கூரத்தைப் பிடிக்கும். பாறையில் நம்பிக்கை இல்லை. பவளத்தின் மேல் ஒருபோதும் போடாதீர்கள். சங்கிலி ஒரு சுற்று உரசினால் பல ஆண்டுகளாக வளர்ந்தது நொறுங்கிவிடும். லிப்பே பக்கம் தண்ணீர் தெளிவு, வெளிர்நிறத்தில் தெரியும் மணல் திட்டைப் பார்த்துப் போடலாம். படகு கட்டுவதற்கான மிதவை இருந்தால் அதிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சங்கிலிக் கணக்கு

இதை அவசரமில்லாமல் படியுங்கள். நாங்கள் தவறியது இங்கேதான்.

1933இல் ஜெஃப்ரி டெய்லர் என்ற கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் கலப்பை வடிவில் ஒரு நங்கூரத்தை வடிவமைத்தார். இன்று பல வடிவங்கள் வந்துவிட்டாலும் வேலை செய்யும் விதம் அதேதான். நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. மண்ணை உழுது உள்ளே இறங்கிப் பிடிக்கிறது. ஏர்க்காலை மேலே தூக்கினால் கொழு மண்ணைவிட்டு வந்துவிடும் அல்லவா? அதேபோல, சங்கிலி மேல்நோக்கி இழுத்தால் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். இழுப்பு தரையோடு தரையாக இருக்க வேண்டும். அதற்குத்தான் நீளமான சங்கிலி.

முழுக்கச் சங்கிலி என்றால் ஆழத்தைப்போல் 5 மடங்கு, பெரும்பகுதி கயிறு என்றால் 7 மடங்கு விடுங்கள். ஆனால் எந்த ஆழம்? முதல் வருடம், மே மாதம், தாயாங் புந்திங் தீவருகே நின்றோம். ஆழம் காட்டும் கருவி 5 மீட்டர் காட்டியது. ஐந்து மடங்கு என்று 25 மீட்டர் விட்டுவிட்டுத் தூங்கிவிட்டோம். நாங்கள் வந்தது நீர் வற்றியிருந்த நேரம், அதுவும் அமாவாசை. ஆறு மணி நேரத்தில் நீர் 2.5 மீட்டர் ஏறியது. தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் அணியம், அதாவது முன்முனை, 1.2 மீட்டர் உயரம். ஆக மொத்தம் 8.7 மீட்டர். எங்கள் 25 மீட்டர் அதற்கு மூன்று மடங்குகூட இல்லை. அதிகாலை மூன்று மணிக்குச் சுமத்ரா அடித்தபோது படகு பின்னால் நழுவ ஆரம்பித்தது. இஞ்சினைப் போட்டு முன்னால் நகர்ந்தபோது சுண்ணாம்புப் பாறைக்கும் எங்களுக்கும் நடுவே 30 மீட்டர்தான் இருந்திருக்கும்.

அதனால் கணக்கு இப்படி: இப்போதைய ஆழம், இனி ஏறப்போகும் நீர், அணியத்தின் உயரம் மூன்றையும் கூட்டி ஐந்தால் பெருக்குங்கள். அன்று 43.5 மீட்டராவது விட்டிருக்க வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மீதான அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், புயல் தெரிந்தால் இன்னும் விடுங்கள். சங்கிலி பெட்டிக்குள் கிடந்து என்ன பயன்?

நீர் ஏறியிருக்கும்போது வந்தால் தலைகீழ்க் கணக்கு. எங்கள் படகின் அடிக்கட்டை 1.8 மீட்டர் கீழே போகிறது. 4 மீட்டரில் நின்று, நீர் 2.5 மீட்டர் இறங்கினால் தரை தட்டிவிடும்.

சங்கிலியில் 10 மீட்டருக்கு ஒரு நிறம் பூசிவிடுங்கள். இருட்டில் எண்ண முடியாது.

மூன்றாம் படி: யார் எங்கே, என்ன சைகை

நான் சுக்கானில், என் கணவர் அணியத்தில். பல படகுகளில் கணவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கத்த, மனைவி முன்னால் சங்கிலியோடு அல்லாடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வேலையையும் இருவரும் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் படகு நிற்க வேண்டுமே.

இஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. கத்தினால் கோபம்போலத் தோன்றும். ஆகவே சைகை: கை காட்டும் திசையில் திருப்பு, விரித்த உள்ளங்கை என்றால் நியூட்ரல், கட்டைவிரலைப் பின்னால் காட்டினால் ரிவர்ஸ். இதைத் துறைமுகத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: போடுவது

காற்றை எதிர்த்து மெதுவாக வந்து, படகு நின்றதும் நங்கூரத்தைத் தரை தொடும்வரை இறக்குங்கள். எறிய வேண்டாம். மொத்தச் சங்கிலியையும் ஒரே மூச்சில் விட்டால் நங்கூரத்தின் மேலேயே குவியும். படகு தானாகப் பின்னால் போகட்டும், அதற்கேற்பச் சங்கிலி நீளட்டும்.

முழு நீளம் போனதும் மெதுவாக ரிவர்ஸ். அவர் சங்கிலியில் கை வைத்துப் பார்ப்பார். அதிர்ந்தால் நங்கூரம் பிடிக்காமல் இழுபடுகிறது என்று அர்த்தம். இறுகி அசையாமல் இருந்தால் பிடித்துவிட்டது. நான் கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் வைத்துக் கவனிப்பேன். ரிவர்ஸைக் கூட்டிய பிறகும் அந்தக் கோடு கலையக் கூடாது.

"என்னங்க, பிடிச்சிடுச்சா?" என்று கேட்பேன். அவர் சந்தேகமாகத் தலையாட்டினால் எடுத்துவிட்டு மறுபடி போடுவோம். மூன்று முறை போட்ட நாளும் உண்டு. பக்கத்துப் படகுக்காரர்கள் பார்க்கிறார்களே என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் நைலான் கயிறு ஒன்றைச் சங்கிலியில் மாட்டிப் அணியத்தில் கயிறு கட்டும் கட்டையில் கட்டுங்கள். அது நீண்டு கொடுத்து இழுப்பைத் தாங்கும். நங்கூரம் தூக்கும் மோட்டார் இரவெல்லாம் படகைப் பிடித்துக்கொண்டிருக்கச் செய்ததல்ல.

ஐந்தாம் படி: இரவு

நங்கூரமிட்ட படகில் பகலில் கறுப்பு உருண்டை தொங்க வேண்டும், இருட்டியதும் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். இது சர்வதேச விதி. விளக்கில்லாத படகு ராத்திரி வரும் மீன்பிடிப் படகுக்குத் தெரியாது. படகு இடம்விட்டு நகர்ந்தால் ஒலிக்கும் நங்கூர அலாரத்தைப் போனில் வையுங்கள். நீரோட்டம் மாறும்போது படகு ஒரு வட்டத்தில் சுற்றும். 40 மீட்டர் சங்கிலி, 11 மீட்டர் படகு என்றால் சுமார் 50 மீட்டர் ஆரம். அந்த வட்டத்துக்குள் பாறையோ இன்னொரு படகோ வரக் கூடாது.

காலையில் எடுப்பது

நங்கூரம் தூக்கும் மோட்டாரால் படகை இழுக்காதீர்கள். இஞ்சினைப் போட்டு நங்கூரத்துக்கு நேர் மேலே வந்து, பிறகு தூக்குங்கள். லங்காவியில் சங்கிலியோடு கறுப்புச் சேறு வண்டி வண்டியாக வரும். வாளித் தண்ணீர் ஊற்றித் தூரிகையால் தேய்த்தபடியே ஏற்றுங்கள். சங்கிலிப் பெட்டி நாம் தூங்கும் அறைக்கு முன்னால்தான் இருக்கிறது. கழுவாமல் உள்ளே விட்டால் இரண்டே நாளில் தலையணைவரை நாறும்.