வகுப்பறையில் விக்கிப்பீடியா: ஆசிரியர்களைப் பழக்கும் முறை

ஈரோட்டுப் பக்கத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துவோர், 2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவின் பெருமையை விளக்குவதில் நேரத்தைச் செலவிடாமல், அவர்கள் நன்கறிந்த, அகழாய்வு நடந்த ஊரான கொடுமணல் பற்றிய கட்டுரையை நேரே திறந்துவிடலாம். நொய்யல் வடகரையிலுள்ள அவ்வூரைப் பற்றிய ஒரு வரியைத் தேர்ந்து, அதன் முடிவில் தென்படும் சிறிய எண்ணைச் சொடுக்கி, காட்டப்படும் மேற்கோள் அகழாய்வு அறிக்கையா, நாளிதழ்ச் செய்தியா என்று ஆசிரியர்களே பார்க்கட்டும். எண்ணே இல்லாத வரிகளைத் தனியே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னர், கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு, எந்தச் சொல் எந்த நாளில் மாறியது என்று காணச் செய்ய வேண்டும். பயிற்சியின் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம் என்பேன். அச்சிட்ட பாடநூலைப் போல இது அசையாமல் நிற்பதில்லை என்பது அங்குதான் கண்ணுக்குத் தெரிகிறது.

எழுதிப் பழக, விக்கிப்பீடியாவில் அதற்கென உள்ள 'மணல்தொட்டி' என்னும் பயிற்சிப் பக்கமே போதும். ஒரே இணைய இணைப்பிலிருந்து நாளொன்றுக்கு வழக்கமாக 6 புதிய கணக்குகளுக்குமேல் தொடங்க இயலாது என்பதால், பயனர் கணக்கை ஒவ்வொருவரும் முந்தைய நாளே வீட்டில் தொடங்கிவிட்டு வருவது நல்லது. பாடநூல் பத்தியை அப்படியே ஒட்டினால் பதிப்புரிமையின் பேரில் நீக்கிவிடுவார்கள். சொந்த நடையில், சான்றுடன், இரண்டே வரி எழுதினால் போதும்.