இடிப்புயலைத் துரத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் டெக்சஸ், ஓக்லஹோமா, கான்சஸ் சமவெளிகளில், இடிப்புயலை நெருங்கிப் பார்க்கவும் படமெடுக்கவும் புயல் துரத்தும் கார்கள் கிளம்பிவிடும். மே மாதத்தில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருபவர்கள் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பழையவர்கள் ஒருகாலத்தில் செய்ததும் இவற்றையேதான். சீட் பெல்ட், சார்ஜர், குடிநீர் பற்றி இங்கே பேசப்போவதில்லை. உயிரையும் வண்டியையும் பறிக்கும் தவறுகள் வேறு.

ரேடார் படத்தை ‘இந்த நொடி’ என்று நம்புவது

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் இது நடப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. செல்போன் திரையில் ஒரு நீலப் புள்ளி: அது உங்கள் கார். பக்கத்தில் சிவப்பும் ஊதாவுமாகப் புயல். நடுவில் எட்டுக் கிலோமீட்டர் இடைவெளி தெரிகிறது. ‘நேரம் இருக்கிறது’ என்று வண்டியை நிறுத்திக் கேமராவை எடுக்கிறார்கள்.

அந்த நீலப் புள்ளி ஜிபிஎஸ் தருவது. நொடிக்கு நொடி நகரும். புயலின் படம் அப்படியல்ல. அமெரிக்க வானிலைச் சேவையின் டாப்ளர் ரேடார், மழை நாளில் கீழிருந்து மேலாக வானம் முழுவதையும் ஒருமுறை அலசி முடிக்க நான்கு முதல் ஆறு நிமிடம் எடுக்கும். அது செயலிக்கு வந்து, உங்கள் போனில் இறங்க இன்னும் கொஞ்ச நேரம். ஆக, திரையில் கார் இப்போதைய இடத்தில் இருக்கிறது, புயலோ ஆறு நிமிடத்துக்கு முந்தைய இடத்தில். இரண்டையும் ஒரே வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதால்தான் ஏமாந்துபோகிறோம்.

கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் புயல் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் நகரும். ஆறு நிமிடப் பழைய படம் என்றால் எட்டுக் கிலோமீட்டர் இடைவெளி உண்மையில் இரண்டுதான். வீட்டு மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ரேடார் பார்ப்பவருக்கு இந்தப் பிழையால் துணி நனையும். சமவெளியில் நிற்பவருக்கு அந்த ஆறு கிலோமீட்டர்தான் தப்பிக்கும் தூரம்.

அதைவிட மோசமானது, படம் உறைந்துபோவது. மேற்கு ஓக்லஹோமாவிலும் டெக்சஸின் வடமுனையிலும் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வெறும் மேய்ச்சல் நிலம். சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். நூறு கார்கள் ஒரே கோபுரத்தை நம்பி நின்றால் இருக்கிற டேட்டாவும் இழுக்கும். கடைசியாக வந்த படம் அப்படியே திரையில் நிற்கும். செயலி ‘இது பழசு’ என்று கத்தாது. வண்ணமும் மங்காது.

செய்ய வேண்டியது இதுதான். படத்தைப் பார்க்கும் முன் அதன் மூலையில் உள்ள நேரத்தைப் படியுங்கள். அது உலகப் பொது நேரத்தில் (UTC) இருந்தால் கோடையில் ஐந்து மணி நேரத்தைக் கழியுங்கள்: 22:14 என்றால் மாலை 5:14. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு எத்தனை நிமிடம் பழசு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அத்தனை நிமிடத்துக்கான தூரத்தைப் புயல் போகும் திசையில் மனதுக்குள் தள்ளி வையுங்கள். பத்து நிமிடமாகப் புதுப் படம் வரவில்லையா? திரையை மறந்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் மேகத்தை வைத்து விலகுங்கள். பல ரேடார்களை ஒட்டவைத்து மெழுகிவிட்ட படத்தைத் தரும் சாதாரண வானிலைச் செயலி இதற்கு உதவாது. அருகிலுள்ள ஒரே ரேடாரின் மிகத் தாழ்ந்த கோணப் படத்தைத் தரும் செயலி வேண்டும். அதிலும் ஒரு வரம்பு உண்டு: ரேடாரிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி, அரை டிகிரிக் கதிர் தரையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. தரையை ஒட்டி நடப்பது படத்தில் இருக்காது.

புயல் நேர்க்கோட்டில் வரும் என்ற எண்ணமும் இதோடு ஒட்டியே வருகிறது. சுழலும் சூப்பர்செல் புயல் வலுத்ததும் சுற்றியுள்ள புயல்களின் பாதையிலிருந்து வலப்பக்கம் திரும்புவது வழக்கம். வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது கிழக்கே திரும்பும்; அப்போது தென்கிழக்கில் நிற்பவர் பாதையிலேயே நிற்கிறார். புயலிலிருந்து தரைக்கு இறங்கும் சுழற்காற்றான டொர்னாடோவின் போக்கோ இன்னும் கணிக்க முடியாதது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே இறங்கியது முதலில் தென்கிழக்காகப் போய், பின் கிழக்காகி, வடகிழக்கே திரும்பி வேகமெடுத்தது. அகலம் சுமார் 4.2 கிலோமீட்டர், மழைத் திரைக்குள் மறைந்திருந்தது. பல ஆண்டு அனுபவமுள்ள ஆய்வாளர் டிம் சமாராஸ், மகன் பால், சக ஆய்வாளர் கார்ல் யங் மூவரும் அங்கே இறந்தார்கள். அவ்வளவு தெரிந்தவர்களுக்கே இடைவெளி போதவில்லை. புதியவர் ஆறு நிமிடப் பழைய படத்தை நம்பி இடைவெளியைக் குறைப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

வரைபடத்தில் கோடு இருந்தால் சாலை என்று நினைப்பது

கான்சஸ், ஓக்லஹோமாவில் மைலுக்கு ஒரு சாலை கட்டம் கட்டமாக ஓடும். திரையில் எல்லாம் ஒரே மாதிரிக் கோடு. தரையில் சில தார், சில சரளை, மற்றவை வெறும் மண். ஓக்லஹோமாவின் செம்மண் களி ஒரு மழைக்கே சோப்பு போல் வழுக்கும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி ஓரத்துப் பள்ளத்துக்கே போகும். நான்கு சக்கர இழுவை கிளம்ப உதவும். நிற்கவோ திரும்பவோ உதவாது.

வீட்டிலேயே எண்ணிட்ட நெடுஞ்சாலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறுகளையும் பாருங்கள்: ரெட் ரிவர், கனேடியன் போன்றவற்றில் பாலங்கள் குறைவு, பாலம் இருக்கும் இடத்தில் மட்டும்தான் தெற்கே தப்பிக்க வழி. எங்கே நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு வெளியேறும் திசையில், என்ஜின் ஓடியபடி, தாரை விட்டு முழுக்க இறங்கி நிற்கட்டும்.

மழைக்குள் புகுந்து மறுபக்கம் போவது

வடகிழக்கே நகரும் புயலில் மழையும் ஆலங்கட்டியும் பெரும்பாலும் வட, வடகிழக்குப் பக்கம். மேலேறும் காற்றின் அடிப்பகுதி, அதாவது மழையில்லாத கறுத்த தட்டை மேகம், தென்மேற்கு மூலையில். வடக்கிலிருந்து வருபவர் அங்கே சேர அவசரப்பட்டு நடுவே புகுவார். எலுமிச்சம்பழ அளவுக் கல்லே முன்கண்ணாடியில் விரிசல் விடும். மழை சட்டென்று மெலிந்து, பெரிய கற்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ‘டப்’ என்று விழுந்தால், மேலேறும் காற்று மிக அருகில் என்று பொருள். திரை விலகும்போது டொர்னாடோ முன்னாலேயே நிற்கலாம். அரை மணி நேரம் சுற்றிப் போய், புயல் வலப்பக்கம் திரும்பினாலும் விலக இடைவெளி விட்டு, தென்கிழக்கில் நில்லுங்கள். புயல் கைநழுவினால் நழுவட்டும்.

ஓட்டுபவரே திரையையும் பார்ப்பது

துரத்துபவர்களை டொர்னாடோவைவிடச் சாலைதான் விடாமல் பலி வாங்குகிறது. 2017 மார்ச்சில் டெக்சஸின் ஸ்பர் அருகே ஒரு சந்திப்பில், நிறுத்தப் பலகையில் நிற்காமல் வந்த துரத்தல் வண்டி இன்னொரு துரத்தல் வண்டியில் மோதி மூவர் இறந்தனர். 2022 ஏப்ரலில் துரத்திவிட்டுத் திரும்பிய ஓக்லஹோமா பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் ஈரச் சாலையில் வண்டி வழுக்கி இறந்தார்கள். ஓட்ட ஒருவர், திரைக்கும் வரைபடத்துக்கும் இன்னொருவர். தனியாகப் போனால் நிறுத்திவிட்டுத்தான் திரை.

கேப் (CAPE) எண் பெரிதாக உள்ள ஊருக்கு ஓடுவது

காற்றில் எவ்வளவு ஆற்றல் தேங்கியிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். தரைக்கும் ஆறு கிலோமீட்டர் உயரத்துக்கும் நடுவே காற்றின் வேகமும் திசையும் சேர்ந்து நொடிக்கு 20 மீட்டர் அளவுக்காவது மாறாவிட்டால் புயல் தன் மழையிலேயே தானே நனைந்து அடங்கிவிடும். இரவு பார்த்த முன்னறிவிப்போடு கிளம்பாதீர்கள். நார்மனிலுள்ள புயல் முன்னறிவிப்பு மையத்தின் காலை 11:30 பதிப்பைப் பார்த்துவிட்டு இலக்கை முடிவு செய்யுங்கள்.

மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவது

1999 மே 3 அன்று டொர்னாடோக்கள் தாக்கியபோது ஓக்லஹோமாவில் மூன்று மேம்பாலங்களின் அடியில் ஒதுங்கியவர்களில் இடத்துக்கு ஒருவர் இறந்தார். ஒதுங்காதீர்கள்.

இரவில் துரத்துவது

கூடாது.

பெட்ரோல்

பாதி காலியானதும் நிரப்புங்கள். மின்சாரம் போனால் பம்பும் நிற்கும்.

நகராத டொர்னாடோவை நின்று ரசிப்பது

இடமோ வலமோ நகராமல், மெல்லப் பெரிதாகிக்கொண்டே தெரிந்தால் அது நிற்கவில்லை. உங்களை நோக்கி வருகிறது. தூரத்து மின்கம்பம் ஒன்றோடு ஒட்டிவைத்துப் பத்து நொடி பாருங்கள். கம்பத்தை விட்டு விலகாவிட்டால், கேமராத் தாங்கியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.