உங்கள் ஜிமெயில் யார் கையில்?

மாங்குளம் சந்திக்குக் கிட்டச் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுப்பது, போன் செட்டிங்ஸ் பார்ப்பது, இவைதான் வேலை. வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை ஒரு தங்கச்சி வந்தாள், ஒட்டுசுட்டான் பக்கம். கடையில் நின்றவர்கள் எல்லாரும் போகும்வரை ரீலோட் காட் பார்ப்பதுபோல நின்றாள்.

"அக்கா, நான் எங்க போனாலும் அவருக்குத் தெரியுது. முள்ளியவளைக்குப் போனா, 'அங்க உனக்கு என்ன வேலை' எண்டு மெசேஜ் வருது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அவர் என்றது, பேசி முற்றாக்கி, பிறகு வேண்டாம் என்று விட்ட மாப்பிள்ளை. போனை வாங்கிக் கூகுள் மப்ஸைத் திறந்தேன். மேலே வலப்பக்கம் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டு, 'லொக்கேஷன் ஷெயரிங்' என்பதற்குள் போனேன். ஒரேயொரு பெயர் இருந்தது. நீங்களாக நிறுத்தும்வரை பகிரப்படும் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. எப்போதோ ஒருநாள் போனைக் கையில் வாங்கி, அரை நிமிடத்தில் செய்த வேலை.

ஆனால் அதை நிறுத்துவதற்கு முன் நான் கேட்டது வேறு. "பிள்ளை, உன்ர ஜிமெயில் பாஸ்வேர்ட் என்ன?"

"தெரியாதக்கா. போன் வாங்கித் தரேக்க அவர்தான் போட்டவர்."

வன்னியில் நான் பார்க்கும் போன்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். ஜிமெயிலைக் கடைக்காரரோ, மச்சானோ, வெளிநாட்டில் இருந்து போன் அனுப்பிய சித்தப்பாவோ திறந்து கொடுத்திருப்பார். பாஸ்வேர்ட் அவர்களிடமே நின்றுவிடும். தொலைந்த போனைத் தேடிப்பிடிக்கக் கூகுள் ஒரு வசதி வைத்திருக்கிறது. அந்த ஜிமெயிலுக்குள் போகக்கூடிய எவரும் அதைத் திறந்து, உங்கள் போன் எந்த ஒழுங்கையில் நிற்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம். உங்கள் கணக்கு யார் கையில் இருக்கிறதோ, நீங்கள் நிற்கும் இடமும் அவர் கையில். அதனால் லொக்கேஷனைப் பூட்டுவதைக் கணக்கில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

செட்டிங்ஸில் 'கூகுள்' என்பதைத் திறந்து, கணக்குக்குள் போய் 'செக்யூரிட்டி' என்ற பகுதிக்குப் போங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். கணக்கு எந்தெந்தப் போன்களில் திறந்திருக்கிறது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். உங்களுடையது அல்லாத ஒன்றைக் கண்டால் வெளியேற்றுங்கள். அப்புறம் மீட்பு இலக்கம், அதாவது பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெறக் கொடுத்து வைக்கும் போன் இலக்கம். பலருக்கு அதில் பழைய சிம்மின் இலக்கம் கிடக்கிறது. பாவிக்காமல் விட்ட இலக்கத்தைக் கம்பனி வேறொருவருக்குக் கொடுக்கலாம். கொடுத்தால் உங்கள் கணக்கின் திறப்பையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. பாஸ்வேர்டுக்கு மேலே இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் அன்றே போட்டுவிடுங்கள்.

வட்ஸ்அப்பில் இரண்டு இடம் பார்த்தால் போதும். 'லிங்க்ட் டிவைசஸ்' என்பதில் தெரியாத கணினி எதுவும் இருக்கக் கூடாது. 'பிரைவசி' என்பதற்குள் 'லைவ் லொக்கேஷன்' என்று ஒன்று இருக்கும். நீங்கள் யார் யாருக்கு இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அதில் தெரியும்.

மற்றச் செயலிகளுக்கு ஒரே விதிதான். அன்ட்ரொய்ட் 10இல் இருந்து, செயலியைப் பாவிக்கும் நேரத்தில் மட்டும் இடத்தைக் கொடு என்று சொல்லலாம். அன்ட்ரொய்ட் 12இல் இருந்து, சரியான இடத்தைக் கொடுக்காமல் அண்ணளவான இடத்தை மட்டும் கொடுக்கலாம். மப்ஸுக்குச் சரியான இடம் தேவை. பேஸ்புக்குக்கு ஒன்றும் தேவையில்லை.

இனிப் படங்கள். கமராவில் லொக்கேஷன் டாக் போட்டிருந்தால், எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அகலாங்கும் நெட்டாங்கும் பதிந்துவிடும். தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கம் இருந்தால் ஏறக்குறைய 11 மீற்றருக்குள் இடத்தைச் சொல்லிவிடலாம். கொழும்பில் அந்த 11 மீற்றருக்குள் ஒரு தொடர்மாடி நிற்கும், எத்தனையோ குடும்பம் இருக்கும். எங்கள் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காணிக்கு ஒரு வீடு. 11 மீற்றர் என்றால் உங்கள் திண்ணைதான். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விபரம் நீங்கிவிடும். படத்தின் தரம் குறையாமல் இருக்க 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் அது அப்படியே சேர்ந்து போகும். காணி விற்க, வீடு காட்ட என்று படம் அனுப்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். கமரா செட்டிங்ஸில் அதை நிறுத்தி வைப்பதுதான் நல்லது.

ஜிபிஎஸ் இல்லாமலும் எங்கள் படங்கள் பேசும். பின்னால் தெரியும் குளக்கட்டு, பிள்ளையின் பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டி, ஊர்ச் சங்கத்தின் பெயர்ப்பலகை, இதில் ஒன்று போதும், வெளியூர்க்காரன் சந்தியில் இறங்கிக் கேட்டால் வீடுவரை கூட்டிக்கொண்டுவந்து விடுவார்கள். நல்ல மனதோடுதான் காட்டுவார்கள். அதனால்தான் எனக்குப் பயம். ஒரு வருஷம் நாங்கள் குடும்பமாக வற்றாப்பளைக்குப் போய், பொங்கல் பானையோடு எடுத்த படத்தை அங்கிருந்தே போட்டேன், எல்லாருடைய பெயரையும் சேர்த்து. விடியத் திரும்பிவந்து பார்த்தால் கிணற்றடியில் வோட்டர் பம்ப் இல்லை. வீட்டில் ஒருத்தரும் இல்லை என்று சொன்னது நான்தான். இப்போது எந்தப் படம் என்றாலும் வீடு திரும்பிய பிறகே போடுகிறேன்.

அடையாள அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரீட்சை முடிவு வந்த அன்று எங்கள் பிள்ளைகள் முடிவுத்தாளை அப்படியே பேஸ்புக்கில் போடுகிறார்கள், அடையாள அட்டை இலக்கத்தோடு. அந்த இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது பிறந்த திகதி. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். 92532 என்று தொடங்கினால் 1992 பெப்ரவரி 1இல் பிறந்த பெண். புதிய 12 இலக்க அட்டையில் வருடம் நாலு இலக்கமாக வரும், மற்றது அதே கணக்கு. சந்தோசத்தைப் பகிருங்கள், இலக்கத்தை மறைத்துவிட்டு.

இவ்வளவையும் சொன்னதால் லொக்கேஷனே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள் கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் ஏறினால் வட்ஸ்அப் லைவ் லொக்கேஷனை 8 மணித்தியாலத்துக்குப் போட்டு எனக்கு அனுப்புவாள். 15 நிமிடம், 1 மணித்தியாலம் என்றும் வைக்கலாம். நேரம் முடிய அது தானாக நின்றுவிடும். பகிர்ந்தால் இப்படித்தான் பகிர வேண்டும், ஒரு ஆளுக்கு, ஒரு முடிவு நேரத்தோடு. குழுவுக்குள் போடாதீர்கள். சிக்னல் இல்லாத துண்டுகளில் புள்ளி அசையாமல் நிற்கும். பதறாமல், கடைசியாக எத்தனை மணிக்குப் புதுப்பித்தது என்று பாருங்கள். வழி தெரியாத வான்காரருக்கு லைவ் தேவையில்லை, 'கரன்ட் லொக்கேஷன்' ஒருமுறை அனுப்பினால் போதும்.

அந்தத் தங்கச்சியின் பகிர்வை நான் அன்று நிறுத்தவில்லை. நிறுத்திய உடனே மற்றவருக்குத் தெரிந்துவிடும், கோபத்தில் என்ன செய்வார் என்று தெரியாது. உங்களுக்கும் இப்படி என்றால் முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவிக்கு 1938, அவசரம் என்றால் பொலிசுக்கு 119. எதையும் அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வேறொரு போனுக்கு அனுப்பி வையுங்கள்.

அடுத்த நாள் அவள் தமையனோடு வந்தாள். ஸ்கிரீன்ஷொட் எடுத்தோம், பாஸ்வேர்டை மாற்றினோம், அவர் போனில் திறந்திருந்த கணக்கை வெளியேற்றினோம், பகிர்வை நிறுத்தினோம். புது பாஸ்வேர்டை அவளே போட்டாள், நானும் தமையனும் மற்றப் பக்கம் திரும்பி நின்றோம். அரை மணித்தியாலம் ஆகவில்லை, மெசேஜ் வந்தது. "போனுக்கு என்ன நடந்தது?" அதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் தமையனின் போனுக்கு அனுப்பினோம்.