காய்ச்சல் வந்தால் என் மாத்திரைக் கணக்கு

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்த பிறகு, என் உடம்பில் கார்ட்டிசால் (நோயைத் தாங்க உதவும் ஹார்மோன்) தேவைக்கு ஊறுவதில்லை. காய்ச்சலில் மற்றவர்களுக்கு அது தானாகக் கூடும். எனக்கு மாத்திரையைத்தான் கூட்ட வேண்டும். கார்ட்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மாத்திரை ஹைட்ரோகார்ட்டிசோன்: காலை எழுந்ததும் 10 மி.கி., மதியம் 5, மாலை 5. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஒவ்வொரு வேளையும் இரட்டிப்பு. விட்டதும் பழைய அளவு. உங்கள் அளவை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

வாந்தி என்றால் கதை வேறு. மாத்திரை தங்காவிட்டால் அதே மருந்து 100 மி.கி. ஊசியாகத் தொடையில், அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. என் மனைவி ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினாள், பாவம் பழம்!

“ஸ்டீராய்டு கெடுதல், நிறுத்திடு” என்பார் சித்தப்பா. தலையாட்டுங்கள், நிறுத்தாதீர்கள்.